மங்களத்தின் அழுகை

செத்த வீட்டு வாசலில் செண்பகவடிவைப் பார்த்ததும் முதலில் சிரித்தது, வருகிறவர்களிடம் மாலையை வாங்கிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்த ஆள்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிரித்த வேகத்திலேயே வாயை இழுத்து மூடி, முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "உள்ள போங்கம்மா, ஹால்லதான் வச்சிருக்கு" என்றார். மாலை அவர் கைக்குப் போய்விட்டது. வடிவு உள்ளே போகவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கடைசி வரிசையில், ஒரு கால் லேசாக விரிந்துபோயிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இது சரியில்லை என்று அவளுக்கே தெரியும். துக்கத்துக்கு வந்த பொம்பளை நேரே உள்ளே போக வேண்டும், புருஷனைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழ வேண்டும், மூக்கைச் சிந்திவிட்டு, எப்படி ஆச்சு, எத்தனை நாளாக முடியாமல் இருந்தார் என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் நாற்காலி எல்லாம். இவளோ மாலையைக் கொடுத்த கையோடு, ஏதோ பஞ்சாயத்துக்கு வந்தவள்போல ஆம்பளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். புடவை வேறு. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வந்தது, வெளிச்சத்தில் பார்த்தால் கிளிப்பச்சையாக இருக்கிறது. சாவுக்குக் கிளிப்பச்சை. முந்தானையை இழுத்து முழங்காலில் போட்டு மூடிக்கொண்டாள், முந்தானையும் கிளிப்பச்சைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு நிமிஷம். மூச்சு வாங்குகிறது, வயசாச்சு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகலாம். போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பது வேதமூர்த்தி. ஊரெல்லாம் 'நாலாம் நம்பர் வீடு' அப்பாத்துரை என்று சொல்கிற வேதமூர்த்தி. செவ்வாய்க்கிழமைதோறும் ராத்திரி எட்டு மணிக்கு, தமிழ்நாடு பூராவும் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், இவளுக்குப் புருஷனாக இருந்தவர். இவள் மங்களம். அசட்டு அப்பாத்துரையின் பெண்டாட்டி. ஒவ்வொரு வாரமும் கடைசியில் அழுகிற மங்களம்.

அந்த அழுகைதான். அதை யாரும் மறக்கவில்லை. அப்பாத்துரை ஏதாவது கோமாளித்தனம் செய்து, வீட்டுக்காரரிடம் மாட்டி, நாலு பேர் முன்னால் மானம் போய், எல்லாம் முடிந்தபிறகு மங்களம் அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பாள். முதலில் சத்தமே வராது, வாய் மட்டும் திறக்கும். அப்புறம் மெல்லிசாக ஒரு 'ஊ'. அது ஏறும், ஏறும், இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் பட்டென்று அறுந்து ஒரு விக்கலில் வந்து விழும். குக்கர் விசில் பாதியில் நின்ற மாதிரி. மறுபடி 'ஊ'. மறுபடி விக்கல். அந்த விக்கலுக்குத்தான் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் செய்து காட்டி அடி வாங்கினார்கள். இப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் அவளை ஓரக்கண்ணால் பார்க்கிறார், பார்த்துவிட்டுத் தன் செருப்பைப் பார்க்கிறார், திரும்பவும் இவளைப் பார்க்கிறார். வடிவுக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவார், அப்புறம் கேட்டுவிடுவார். கேட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க மங்களம்தானே?" ஆமாம் என்று தலையாட்டினாள். "நான் அடுத்த தெரு. பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவன். சாரோட காலைல வாக்கிங் போவேன். எவ்ளோ தங்கமான மனுஷன்!" என்று நிறுத்தினார். கண் கலங்கித்தான் இருந்தது. கலங்கின கண்ணோடே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "இப்பவும் உங்க சீரியல போன்ல பாக்கறோம்மா. என் பேரன் இருக்கான் பாருங்க, ரெண்டு வயசு, சோறுன்னா மூஞ்சியத் திருப்பிக்குவான். உங்க அழுகையப் போட்டாப் போதும், சிரிச்சுக்கிட்டே வாயத் தொறந்துடுவான். என் மருமக ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை போடுவா." வாயைத் திறந்துவிடுவானாம். வடிவு, நல்லா இருக்கட்டும் என்றாள். நிஜமாகவே நல்லா இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வாயைத் திறந்துவிடுவான் என்ற சொல் தொண்டையில் எங்கோ போய் முள்ளாக நின்றது, அவள் அதை விழுங்கப் பார்த்தாள், போகவில்லை.

வாய் திறக்காமல் போன ஒன்று இருந்தது. பெண் குழந்தை. நாலாம் நம்பர் வீடு ஆரம்பிப்பதற்குச் சில மாசம் முந்தி, கோடம்பாக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில், எல்லா வலியும் பட்டு, எல்லாம் முறைப்படி நடந்து, கடைசியில் அந்த அறையில் யாருமே சத்தம் போடவில்லை. துணியில் சுற்றி, காட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தலை நிறைய முடி. மாமியார் அன்று ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கெட்ட மனசோடு சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னாள்: "வாய் தெறந்து அழாத பிள்ளைக்கு நாம வாய்விட்டு அழப்படாது வடிவு. அழுதா அடுத்தது தங்காது." சரி அத்தை என்றாள் இவள். அழவில்லை. அடுத்தது தங்க வேண்டுமே. அடுத்தது வரவேயில்லை என்பது வேறு விஷயம். மார்பில் பால் கட்டிக்கொண்டு, துண்டை வைத்து இறுக்கிக் கட்டி, அதற்கும் அழவில்லை. அப்புறம் ஒப்பந்தம் போட்டாயிற்று, முன்பணம் கை மாறியாயிற்று, நாடகத்தில் இருந்தவளுக்கு டிவியில் கூப்பிடுகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், போய்விட்டு வா என்று புருஷன் சண்முகையாதான் சைக்கிளில் கொண்டுவந்து ஸ்டுடியோ வாசலில் விட்டார். முதல் நாளே அழுகைக் காட்சி. நாடகத்து அழுகையை அழுது காட்டினாள், டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. "இது புராண நாடகத்துல சந்திரமதி அழற அழுகைம்மா. இங்க அப்பாத்துரை பொண்டாட்டி அழணும். போய் யோசிச்சிட்டு வா" என்றார். அவள் செட்டுக்குப் பின்னால் போனாள். பலகையில் வர்ணம் பூசின கதவு, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, முட்டுக்கட்டைகளும் ஒரு பழைய தொட்டிலும். ஏதோ ஒரு படத்துக்குச் செய்து போட்டுவிட்ட தொட்டில், உள்ளே வயர் சுருள்களை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். யோசிக்கத்தான் போனாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, அப்புறம் வந்தது. மாசக்கணக்கில் மூடி வைத்திருந்தது, நடுவில் அறுந்து, விக்கி, மறுபடி ஏறி. தன் தொண்டைக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று அவளுக்கே அன்றுதான் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் வேதமூர்த்தி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு ஓடினார் டைரக்டரிடம், "சார், சார், வடிவு என்னமா ஒண்ணு பிடிச்சிருக்கு பாருங்க, வந்து கேளுங்க!" ஆள் ஆளாக வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். யாரோ முதலில் களுக்கென்றார்கள். அப்புறம் எல்லோரும். டைரக்டர் எட்டிப் பார்த்து, "பயிற்சி பண்ணிட்டிருந்தியாம்மா? பிரமாதம், இதேதான், மாத்தாதே" என்றார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா சார், பழகிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்க்கிறாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இல்லை சார், இது என் பிள்ளைக்கு அழுதது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லோருக்கும் முகம் செத்துப்போயிருக்கும், டீ சொல்லியிருப்பார்கள், ரெண்டு நாள் விடுப்பு கொடுத்திருப்பார்கள், மூன்றாம் நாள் வேறொருத்தி மங்களமாகியிருப்பாள். அது தெரிந்துதான் சொன்னாளா? யோசித்துச் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. அந்த வாயைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் செவ்வாய்க்கிழமைகள். எடிட்டிங்கில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பார்கள், சவுண்ட்காரரிடம் ஒரு டேப் இருந்தது, சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, கைதட்டலோடு சிரிப்பு என்று. மங்களம் விக்கும்போது எப்பவும் பெரிய சிரிப்பு. அதில் ஒரு ஆள் நடுவில் இருமுவான். யாரோ எங்கேயோ எப்போதோ எதற்கோ சிரித்து இருமினது, வாராவாரம் இவளுடைய பிள்ளைக்கு இருமியது. வீட்டில் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பாள். அழக் கூடாது என்று சொன்ன அதே அத்தை. சிரித்துச் சிரித்து, "அடியே, வயித்தப் புடிக்குது, போதும்டி" என்று டிவிக்குள் இருக்கும் மருமகளிடம் சொல்லி, கண்ணில் வழிகிற தண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொள்வாள். மருமகள் நிஜத்தில் அழுது அவள் கேட்டதேயில்லை, பிறகு எப்படி அடையாளம் தெரியும்? சண்முகையா மட்டும் அந்த இடம் வரும்போது எழுந்துவிடுவார். "கொழாய மூடினமா இல்லியான்னு பாத்துட்டு வரேன்." ஒவ்வொரு செவ்வாயும் குழாய். திரும்பி வரும்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை, பேசாமலே அவர் போயும் சேர்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி வந்தது. காகிதக் கப்பில் ஊற்றி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வாசனை வந்ததும் வடிவுக்கு நாக்கு ஊறிற்று, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சீ என்றிருந்தது. உள்ளே மனுஷன் கிடக்கிறார், இவளுக்குக் காபி. "சரி சரி, காபி போடு மங்களம்" என்பதுதான் வாராவாரம் அப்பாத்துரையின் கடைசி வசனம், அது ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாகப் போயிற்று, ஆனாலும் கை நீண்டு கப்பை வாங்கிக்கொண்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து ஹேமா வந்தாள். வேதமூர்த்தியின் மகள். தலை கலைந்து, கண் வீங்கி, செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையின் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. "ஆன்ட்டி! நீங்க எப்ப வந்தீங்க? ஏன் இங்க ஒக்காந்துட்டீங்க?" வடிவு கப்பை நாற்காலிக்குக் கீழே வைத்தாள், திருட்டுப் பூனை மாதிரி. "இப்பத்தாம்மா. மூச்சு வாங்கிச்சு." ஹேமா குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அம்மா நேத்துலேருந்து ஒரு சொட்டு கண்ணீர் விடல. கல்லு மாதிரி ஒக்காந்திருக்காங்க. தண்ணி கூட எறங்கல. பெரியம்மா, அத்தைங்க எல்லாரும் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு அழுதுட்டாங்க, அம்மா அப்படியே பாக்கறாங்க. டாக்டர் கூட சொல்றாரு, எப்படியாவது அழ வெச்சிடுங்கன்னு. எனக்கு பயமா இருக்கு ஆன்ட்டி. நீங்க வந்து கட்டிக்கிட்டு அழுதா அம்மா அழுதுடுவாங்க. உங்கள பாத்தா அப்பா ஞாபகம்..." என்று முடிக்க முடியாமல் அவளே அழுதாள். நல்ல அழுகை, நேரான அழுகை, யாரும் சிரிக்காத அழுகை. வடிவுக்குப் பொறாமையாக இருந்தது. இதற்குப் போய்ப் பொறாமை! "வர்றேம்மா. நீ போ. இதோ வந்துர்றேன்" என்றாள். ஹேமா போனாள். வடிவு எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கணும். அவளுக்கு இருப்பது ஒரே அழுகை, அதுதான் சங்கடம். மற்ற நடிகைகள் சினிமாவுக்கு ஒரு அழுகை, வீட்டுக்கு ஒரு அழுகை வைத்திருப்பார்கள், இவள் வீட்டு அழுகையையே எடுத்துக் கடையில் வைத்துவிட்டாள். சண்முகையா போன அன்று அது தெரிந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள், 'ஊ' என்று மெல்லிசாகத் தொடங்கியதும் வாசல்படியில் நின்றிருந்த யாரோ ஒரு சொந்தக்காரக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அதன் அம்மா பளாரென்று ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் போகும்போது அந்த அம்மாவின் தோளும் குலுங்கிற்று, வடிவு பார்த்தாள். அவ்வளவுதான், முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்வரை எடுக்கவில்லை. கட்டின புருஷனுக்கு ஒரு குரல் அழாத கல்நெஞ்சுக்காரி என்று அவர் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். மானம் காப்பாற்றினேன், அவர் சாவில் யாரும் சிரிக்கவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டாலும், இன்னொன்று கூடவே வரும். அந்தச் சிரிப்பு பிடித்திருந்ததே! அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம், யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் தொட்டிலும் வயர் சுருளும் தலை நிறைய முடியும் ஞாபகம் வந்துதான் அழுதாள். கொஞ்ச நாளில் அது இல்லாமலே வந்தது. விக்கலை எவ்வளவு நேரம் பிடித்துவைத்தால் சிரிப்பு எவ்வளவு பெரிதாகும் என்று கை தேர்ந்துவிட்டது. புடவைக்கடை திறப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்து, "அம்மா, ஒரே ஒரு தரம்" என்றார்கள், ரிப்பனை வெட்டிவிட்டு அழுதாள். கூட்டம் ஆர்ப்பரித்தது, அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இன்னொரு தரம் என்று யாரும் கேட்காமலே இன்னொரு தரம் அழுதாள். கடைக்காரர் கொடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. அதை வைத்து இவள் பேர் வாங்கினாள்.

வேதமூர்த்திக்குத் தெரியுமா? ஒரு தரம் கேட்டார். படப்பிடிப்பு இடைவேளையில், அடுப்படிச் செட்டில், எரியாத அடுப்புக்குப் பக்கத்தில் ரெண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது. புருஷன் பெண்டாட்டியாக நடித்தாலும் அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், அதைக் கேட்டு லைட்பாய்கள் சிரிப்பார்கள். அவர் பெண்டாட்டி மரகதம் செட்டுக்கு வந்தால், "எங்க என் சக்களத்தி?" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் நுழைவாள். அன்று அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஏன் வடிவு, மொத நாளு, அந்தக் கதவுக்குப் பின்னாடி, நீ நெசமாவே பழகிக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றார். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், மேக்கப் போடுகிற பெண்ணுக்கு நர்சிங் ஹோம் விஷயம் தெரியும். "ஆமாண்ணே. வேற என்ன?" என்றாள். அவர் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார், ரொம்ப நேரம் மென்றார். "நான் ஒரு முட்டாப்பய. எதுக்கும் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரத்திலிருந்து அவர் ஒன்று செய்ய ஆரம்பித்தார். எழுதினதில் அது கிடையாது. மங்களம் விக்கி விக்கி அழுது முடிக்கிற இடத்தில், தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து, அவளைப் பார்க்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டுவார். அவளும் பார்க்காமல் இடது கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். துடைத்துக்கொள்வாள். அப்புறம்தான் காபி போடு மங்களம். டைரக்டர் முதலில் சத்தம் போட்டார், சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இது என்னய்யா இழுவை என்று. சனங்களுக்குப் பிடித்துவிட்டது, அதனால் விட்டுவிட்டார். அதற்கப்புறம் துண்டு இல்லாமல் நாலாம் நம்பர் வீடு முடிந்ததே இல்லை. அந்தத் துண்டு எப்போதும் அப்போதுதான் துவைத்த சோப்பு வாசனையோடு இருக்கும். கம்பெனித் துண்டு இல்லை, அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது.

உள்ளே ஏதோ சலசலப்பு. வண்டி வந்துவிட்டது, வாய்க்கரிசி போடுகிறவர்கள் வரலாம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து, "வாங்கம்மா, கடைசியா ஒரு தடவை மொகத்தப் பாத்துருங்க" என்று வழி விட்டார். வடிவு எழுந்தாள். முந்தானையைச் சுருட்டி உள்ளங்கையில் தயாராக வைத்துக்கொண்டாள். அழ மாட்டேன், மரகதத்தின் தோளைத் தொட்டுவிட்டு, அரிசியைப் போட்டுவிட்டு, வந்துவிடுவேன். ஹேமா மன்னிக்கட்டும். ஹாலில் கூட்டம் நெருக்கியடித்தது. பெட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். வேதமூர்த்திக்குத் தாடையைக் கட்டியிருந்தார்கள், அது அவரை ஏதோ பல்வலிக்காரராகக் காட்டிற்று, அப்பாத்துரைக்கு ஒரு வாரம் பல்வலி வந்த கதைகூட உண்டு. தோளில் அந்தச் சிவப்புக் கட்டத் துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள், ஹேமாவின் வேலையாக இருக்கும். தலைமாட்டில் மரகதம். மஞ்சள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வடிவைப் பார்த்ததும் உதடு மட்டும் அசைந்தது. "வந்துட்டியா சக்களத்தி" என்றாள். வழக்கமான சத்தம் இல்லை, காற்று மாதிரி வந்தது. வடிவு முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். தொண்டையில் முள்ளாக நின்றிருந்தது அதற்குள் மேலே வந்துவிட்டது. வாய் திறந்தது. சத்தமில்லை. ஹாலில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு முதுகில் தெரிந்தது, எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும் என்பதும் தெரிந்தது. வேண்டாம் தாயே, வேண்டாம். 'ஊ' வந்தது. மெல்லிசாக வந்து, ஏறி, ஏறி, அறுந்து, விக்கலில் விழுந்தது. ஒரு ஓரத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், புஸ்ஸென்று வெளியே வந்த சிரிப்பு. அது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவிற்று, பெரியம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள், வழுக்கைத் தலைக்காரர் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார், யாரோ இருமினார்கள். வடிவு கூசிப்போனாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று நின்றாள், நின்றுகொண்டே மறுபடி 'ஊ', மறுபடி விக்கல், நிறுத்த முடியவில்லை. அண்ணனுக்கா, சண்முகையாவுக்கா, பேர் வைக்காத அதுக்கா, யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரு அழுகைதான் இருந்தது. அது ஒரு வழியாக முடிகிற இடத்துக்கு வந்தது. கண் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில், அவள் சொல்லாமலே, இடது கை தானாக நீண்டது.

நீண்ட கை அப்படியே நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். அந்த ஹாலில் அது எதற்கு நீள்கிறது என்று தெரியாத ஆள் கிடையாது. இப்போது துண்டு வரும். செவ்வாய்க்கிழமைதோறும் பார்த்தவர்கள், இன்றைக்கும் போனில் பார்க்கிறவர்கள், எல்லோரும் ஒரு கணம் பழக்கத்தில் காத்திருந்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. வெளியே வண்டிக்காரர் கதவைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. வடிவுக்கும் தெரிந்துவிட்டது, தன் கை வெறுமனே பிணத்துக்கு மேலே நீண்டுகொண்டிருக்கிறது என்று. வெட்கத்தில் காது எரிந்தது. மடக்கிவிட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. மரகதம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளைப் பிடித்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல, லேசாக உலுக்கினாள்.

"என்னங்க" என்றாள். "என்னங்க, அவ கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க. எவ்ளோ நேரம் நிப்பா. துண்டக் குடுங்களேங்க!"

அந்தக் கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்து, வீடே அதிரும்படி மரகதம் அழுதாள். அவளைப் பிடித்துக்கொள்ள நாலு கைகள் ஓடிவந்தன. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. வடிவு கையை மடக்கவில்லை.